பார்த்தசாரதிக்கு ஒரு வினைச்சொல்

கல்கத்தாவில், அலிப்பூர் கோர்ட்டுகளுக்குப் பின்புறம், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டிடத்தில், மத்திய அரசின் சணல் மூட்டைத் தர இயக்ககம் நடந்துவந்தது. நடந்துவந்தது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஊரில் அதற்குச் சாக்கு ஆபீஸ் என்று பெயர். எந்த மில்லில் சாக்கு நெய்தாலும் அதில் ஒரு மாதிரி இங்கே வரவேண்டும். இவர்கள் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, இது சாக்குதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு டைரக்டர், ஓர் உதவி டைரக்டர், ஒரு சூப்பரிண்டெண்ட், அவர்களுக்கு அடியில் ஒரு பெருங்கூட்டம். இழுத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர் இருந்தார். அவர் ரிட்டயராகிவிட்டார். அந்த இடத்தை நிரப்பவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. கீழே இருப்பவர் எழுதி அனுப்பிய வரைவில் மேலே இருப்பவர் ஒரு சொல்லையாவது மாற்றாமல் கையெழுத்துப் போடமாட்டார். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். அப்படியே கையெழுத்துப் போட்டால், ஒன்று, படிக்கவில்லை என்று ஆகும். அல்லது தன் கீழே இருப்பவனுக்குத் தன்னளவு இங்கிலீஷ் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். இரண்டாவது இன்னும் மோசம். முன்னொரு காலத்தில் ஓர் உதவி டைரக்டர் சேர்ந்தாற்போல மூன்று வரைவுகளைத் தொடாமல் விட்டுவிட்டார். மனுஷருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டு அவரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஆபீஸில்தான் பார்த்தசாரதி கீழ்நிலை குமாஸ்தா, அவர்கள் பாஷையில் எல்.டி.சி. மன்னார்குடிக்காரர். அந்தப் பிரிவுக்கு டைப் அடிப்பவரும் அவரே. மெட்ரோ ரயிலுக்காக ஊரையே குடைந்து போட்டிருந்த வருஷங்களில் ஒன்று, நல்ல மழைக்காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்து அலமாரி மேலிருந்த ஒரு ஃபைல் கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறினார். விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் மனைவி ஷியாமளா அழவில்லை. டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் அடுத்த போர்ஷன் சரோஜா வந்து, "அழுதுடுங்கோ மாமி, நெஞ்சுல அடைச்சு வெச்சுக்காதீங்கோ" என்று கெஞ்சினாள். அழுகை வந்தால்தானே. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, அந்த மாதிரி அவளுக்கு உடம்பு பூராவும் இருந்தது. கிள்ளினால்கூட யாரையோ கிள்ளுகிறாற்போல. காரியங்கள் நடந்தன, வந்தவர்கள் போனார்கள். லேக் மார்க்கெட் கடைக்காரர் வழக்கமான காப்பிப்பொடியை வழக்கம்போல அரைத்து அனுப்பிவிட்டார். அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மச்சினர் மட்டும் மன்னார்குடிக்குத் திரும்புமுன் தெளிவாகப் பேசினார். "குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிடுவா. குழந்தையை அழைச்சுண்டு அங்க வந்துடு. உன் ஓர்ப்படிக்கும் முன்ன மாதிரி முடியலை. தளிகைக்கு ஒத்தாசையா இருக்கும்."

அந்த ஒத்தாசை எத்தனை வருஷத்துக்கு என்பது ஷியாமளாவுக்குத் தெரியும். மகள் வனஜா எட்டாவது படிக்கிறாள். தமிழைவிட வங்காளம் சரளம். மன்னார்குடியில் ஓர்ப்படியின் கரி படிந்த சமையலறையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து காய் நறுக்குவதை நினைத்தாள். நினைப்புக்கூட மரத்துப்போய்த்தான் வந்தது. ஆனால் வேண்டாம் என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது.

வழி ஒன்று இருந்தது. பணியில் இருக்கும்போது உயிர்விட்ட ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுக்கலாம் என்று விதி. ஷியாமளா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸும் நிலைக்கும், பள்ளிக்கூடமும் நிலைக்கும். அவர் பணியில் இருந்தபோதுதான் இறந்தார் என்று ஆபீஸ் டெல்லிக்கு ஒரு வரி எழுதவேண்டும். அவ்வளவுதான்.

சூப்பரிண்டெண்ட் ஹால்தார் பாபு அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதிவிட்டார். வயசானவர், நல்ல மனுஷர். 'ஸ்ரீ பார்த்தசாரதி, எல்.டி.சி., பணியில் இருக்கையில் ஃபெல் டவுன் அண்ட் எக்ஸ்பயர்டு.' விழுந்தார், காலமானார். நடந்ததும் அதுதான். அதை அப்படியே உதவி டைரக்டர் பட்டாபிக்கு மேலே அனுப்பினார்.

பட்டாபி நம் ஆள், கும்பகோணம். ஷியாமளாவை அறைக்குக் கூப்பிட்டு, மின்விசிறியைத் தானே போட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கோம்மா. உங்காத்துக்காரர் விஷயத்தை நான் பெர்சனலா பாத்துண்டிருக்கேன். இந்த ஹால்தார் பாருங்கோ, ஃபெல் டவுன்னு எழுதி வெச்சிருக்கார். ஃபெல் டவுன்ங்கறது குழந்தை விழறது. தேங்கா விழறது. ஒரு சென்ட்ரல் கவர்மெண்ட் ஊழியர் ஃபெல் டவுன்னு போனா டெல்லியில சிரிப்பா. நான் அதை அடிச்சுட்டேன்."

"சரி சார்."

"கொலாப்ஸ்டுன்னு போட்டிருக்கேன். கொலாப்ஸ். என்ன கம்பீரமான வார்த்தை பாத்தேளா. பாலம் கொலாப்ஸ் ஆகும். பேச்சுவார்த்தை கொலாப்ஸ் ஆகும். சணல் விலை கொலாப்ஸ் ஆகும். வேலை பாத்துப் பாத்து ஒரு மனுஷன் கொலாப்ஸ் ஆவான். நம்ம வாசல்ல இருக்கே இழுத்து மூடற இரும்புக் கேட்டு, அதுக்கே கொலாப்சிபிள் கேட்டுன்னுதான் பேரு. அத்தனை இடத்துக்கும் ஒரே வார்த்தை போறும். அந்த வார்த்தையை நான் உங்காத்துக்காரருக்குக் குடுத்திருக்கேன்."

"ரொம்ப உபகாரம் சார்," என்றாள் ஷியாமளா. வேறென்ன சொல்வாள், சொல்லுங்கள்.

ஃபைல் டைரக்டர் லாஹிரியிடம் போயிற்று. லாஹிரி சீமையில் படித்தவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் பாதி நாள் போய்விடும் அவருக்கு. பட்டாபியையும் ஹால்தாரையும் எதிரே நிற்கவைத்தார். ஷியாமளா வராந்தாவில் பெஞ்சில் இருந்தாள். கதவு ஊசலாடிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"கொலாப்ஸா?" என்றார் லாஹிரி இங்கிலீஷில். "ஓர் எல்.டி.சி.யா? மிஸ்டர் பட்டாபி, சாம்ராஜ்யங்கள் கொலாப்ஸ் ஆகும். இந்த ஊரில் மந்திரிசபைகள் கொலாப்ஸ் ஆகியிருக்கின்றன, நானே பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு உயரம் வேண்டும். ஒரு கெஜடட் ஆபீஸர் கொலாப்ஸ் ஆனார் என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். கீழ்நிலை குமாஸ்தா எங்கிருந்து கொலாப்ஸ் ஆவான்? அவன் ஏற்கெனவே கீழேதானே இருக்கிறான்?"

பட்டாபி அதை ஒரு சூத்திரம்போலத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். லாஹிரி கொலாப்ஸை அடித்துவிட்டு ஸ்லம்ப்டு என்று எழுதினார். பொத்தென்று சரிந்தார் என்பதாக.

சரி, ஒரு வார்த்தைதானே, போகட்டும் என்றால், போகவில்லை. டைரக்டர் மாற்றியதைத் திரும்ப டைப் அடித்துப் புது வரைவாகக் கீழேயிருந்து அனுப்பவேண்டும். புது வரைவு என்றால் புதுத் திருத்தம். ஸ்லம்ப்டு என்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சரிவதற்குத்தான் பொருந்தும் என்று பட்டாபி ஒரு குறிப்பு எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சரிந்தார் என்றால் தூங்கினார் என்று ஆகும். தூங்கினால் பணியில் இல்லை என்று ஆகும். ஆகவே டாப்பிள்டு. குடைசாய்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைரக்டர் அதைப் படித்துவிட்டு, குடைசாய்வது என்றால் ஸ்டூலும் சேர்ந்து சாய்ந்திருக்க வேண்டும், ஸ்டூல் பொதுப்பணித் துறையின் உடைமை, அவர்களையும் கேட்காமல் ஸ்டூலைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்டார். பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போயிற்று. தங்கள் ஸ்டூல் அன்றைக்கும் இன்றைக்கும் நல்ல நிலையில் நிற்கிறது, அதன்மேல் ஏறியவர்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். இத்தனை வரைவுகளையும் டைப் அடிக்க ஆள் இல்லை. டைப் அடிக்க வேண்டியவர் விழுந்துவிட்டார்; அவர் விழுந்ததைப் பற்றித்தான் அடிக்கவேண்டும். ஹால்தார் பாபு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தினக்கூலிக்கு ஒரு டைப்பிஸ்டை எடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ஷியாமளாவை எடுத்தார். தினக்கூலிக்காரர்களைத் துர்கா பூஜை விடுமுறைக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். பூஜைக்குள் நிரந்தர உத்தரவு வராவிட்டால் அவள் வீட்டுக்குப் போகவேண்டும், அப்புறம் மன்னார்குடிதான்.

இப்படியாக ஷியாமளா புருஷனுடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மெஷினில் அவர் விரல் தேய்த்த எழுத்துகளிலேயே அவள் விரலும் விழுந்தது. அவள் அடித்த முதல் காகிதம், அவர் எப்படி விழுந்தார் என்பது. இரண்டாவதும் அதுதான். ஃபெல் டவுன் என்று அடித்தாள். கொலாப்ஸ்டு என்று அடித்தாள். ஸ்லம்ப்டு, டாப்பிள்டு, டம்பிள்டு என்று அடித்தாள். பட்டாபிக்கு ஒரு நாள் உற்சாகம் பிறந்து பிளம்மெட்டட் என்று போட்டுவிட்டார். அது ஆகாயத்திலிருந்து விமானமோ கழுகோ செங்குத்தாக விழுவதற்கு உள்ள சொல் என்று டைரக்டர் எழுதி, ஸ்டூலின் உயரம் என்ன என்று ஓரத்தில் கேட்டிருந்தார். ஷியாமளா அளவுகோல் வாங்கிப் போய் ஸ்டூலை அளந்து, உயரத்தையும் டைப் அடித்தாள். அவரைத்தான் ஒவ்வொரு நாளும் ஏற்றி ஏற்றித் தள்ளுகிறோம் என்று ஒரு தடவை தோன்றியது, தோன்றிவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் டிராமில் வீடு திரும்பினால் வனஜா கேட்பாள். அப்பாவை அவள் வங்காளத்தில் பாபா என்றுதான் சொல்வாள். "மா, பாபா ஃபைல் என்னாச்சு?"

"மேல போயிருக்கு."

"நேத்தும் மேலதான் போச்சு."

"நடுவுல எறங்கித்து," என்பாள் ஷியாமளா.

பூஜைக்குப் பந்தல் மூங்கில்கள் தெருவில் வந்து இறங்கிவிட்டன. அப்போது லாஹிரிக்கு ஒரு யோசனை உதித்தது. சொல்லைச் சொல்லால் தீர்மானிக்க முடியாது, சம்பவத்தை நேரில் நிகழ்த்திப் பார்த்துவிடலாம் என்றார். மூவர் கமிட்டி போட்டார்கள்: அவர், பட்டாபி, ஹால்தார். நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு ஆள் வேண்டும். பிரிவில் டைப்பிஸ்ட் யார்? ஷியாமளா. பென்சிலும் தாளுமாக அவளைக் கொண்டுவந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

விழுவதற்கு தப்தரி நிதாயைப் பிடித்தார்கள். ஃபைல் கட்டுகளை ஏற்றி இறக்குவதுதான் அவன் உத்தியோகம். கீழே மாதிரிக்கு வந்த சாக்குகளைப் பரப்பினார்கள்; அந்த ஆபீஸில் சாக்குகள் ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான். நிதாய் ஸ்டூலில் ஏறி நின்றான்.

"முதல்ல ஸ்லம்ப் ஆகு," என்றார் பட்டாபி.

நிதாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. ஹால்தார் பாபு வங்காளத்தில் சொன்னார். அவன் மெதுவாகக் குந்தி, சாக்கில் உருண்டான்.

"இது டம்பிள்," என்றார் லாஹிரி. "மறுபடி."

மறுபடி ஏறினான், மறுபடி விழுந்தான். டாப்பிள் ஆகும்போது ஸ்டூல் கூட வரவில்லை என்று அதிருப்தி. கொலாப்ஸ் ஆகும்போது முழங்கால் முதலில் மடியவேண்டும் என்று பட்டாபி தாமே கோட்டைக் கழற்றிவிட்டுச் செய்து காட்டினார். நிதாய்க்கு முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நடுவில் கரண்டு போயிற்று. இருட்டிலும் ஒரு தரம் விழச் சொன்னார்கள், சத்தத்தை வைத்து ஏதாவது தெரியுமா என்று பார்க்க. ஷியாமளா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பொத், பொத் என்ற சத்தத்தையும் எழுதிக்கொண்டாள்.

கரண்டு வந்தபோது லாஹிரி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்று விளங்கவில்லை. ஃபைல் இறக்குவது தப்தரியின் வேலை. குமாஸ்தா ஏன் ஏறினான்? அந்த நேரம் தப்தரி எங்கே இருந்தான்?"

நிதாய் தரையைப் பார்த்தான். ஹால்தார் பாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெளி வேலையாக அனுப்பப்பட்டிருந்தான், சார்," என்றார்.

"யார் அனுப்பினது?"

"தாங்கள்தான், சார். மார்க்கெட்டுக்கு. தங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்த நாள். இலிஷ் மீன் வாங்கிவர."

லாஹிரியின் முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம். நல்ல மீன். முட்டை வைத்திருந்தது. மாப்பிள்ளை இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்." பிறகு ஷியாமளாவின் பென்சிலைக் கவனித்தார். "அது குறிப்பில் வேண்டாம், அம்மா. சம்பந்தமில்லாத விவரம்."

ஷியாமளா பென்சிலை எடுத்துக்கொண்டாள். கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோல அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள், வரவில்லை. வேலை வேண்டும், குவார்ட்டர்ஸ் வேண்டும், அதுதான் மிச்சம் இருந்தது. கமிட்டி கூடியது என்றும், முடிவு ஒத்திவைக்கப்பட்டது என்றும் டைப் அடித்துக் கொடுத்தாள். அந்தப் பாவிகள் அதிலும் கூடியது என்பதை அடித்துவிட்டுக் குழுமியது என்று போட்டார்கள்.

அன்று எல்லாரும் போன பிறகு ஹால்தார் பாபு அவள் மேஜைக்கு வந்தார். அவளைத் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல பௌமா என்றுதான் கூப்பிடுவார்.

"பௌமா, தப்பு என்னுடையது," என்றார் வங்காளத்தில். "உன் வரைவு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. என் வரைவும் அப்படித்தான் இருந்தது. துக்கத்தில் மறந்துபோய் ஒழுங்காக எழுதிவிட்டேன். குறையே இல்லாத கடிதத்தில் அவர்கள் எதைத் திருத்துவார்கள்? கண்ணில் படுகிற முதல் வினைச்சொல்லைத்தான். நீ வீட்டில் சமைக்கிறபோது, குற்றம் சொல்லியே சாப்பிடுகிறவருக்கு ஒரு கல் உப்பு குறைத்துப் போடமாட்டாயா? அவர்களே போட்டுக்கொண்டு திருப்தியாகச் சாப்பிடட்டும்."

"எங்காத்துல அவர் ஒண்ணுமே சொல்லமாட்டார்," என்றாள் ஷியாமளா தமிழில். ஹால்தார் பாபுவுக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

மறுநாள் புது வரைவு அடித்தாள். ஃபெல் டவுன் என்றே அடித்தாள், முதல் நாள் இருந்தபடி. ஆனால் உத்தரவு வேண்டுகிற வரியில் 'தயவுகூர்ந்து' என்பதை விட்டுவிட்டாள். கடைசியில் டைரக்டரின் பெயருக்குப் பின்னால் வருகிற சீமைப் பட்டத்தையும் விட்டுவிட்டாள். பட்டாபி வரைவைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். "தயவுகூர்ந்து இல்லாம டெல்லிக்கு எழுதறதா? நல்ல வேளை, என் கண்ணுல பட்டுது" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். லாஹிரி தம் பட்டத்தைத் தாமே கொட்டை எழுத்தில் எழுதி, இந்த ஆபீஸில் நான் ஒருவன் எத்தனையைத்தான் கவனிப்பேன் என்று அலுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விழுந்த விஷயத்தை இரண்டு பேரும் தொடவேயில்லை.

பூஜை விடுமுறைக்கு முன் டெல்லியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஷியாமளாவுக்கு நிரந்தர வேலை. குவார்ட்டர்ஸ் அவள் பெயருக்கு. ஹால்தார் பாபு சந்தேஷ் மிட்டாய் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். நிதாய் ஓரமாக வந்து நின்று, அன்றைக்கு மீன் வாங்கப் போகாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டாபி பிரிவு முழுவதையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஒரு சாதாரண ஊழியரோட மரணத்தை இந்த ஆபீஸ் எத்தனை மாசம், எத்தனை அக்கறையா பரிசீலனை பண்ணியிருக்கு. ஒவ்வொரு வார்த்தையையும் நாங்க எடைபோட்டிருக்கோம். சரிபாக்காம ஒரு வார்த்தைகூட வெளியில போகலை. அதுதான் ஒரு ஸ்தாபனம் தன் ஆளுக்குச் செய்யற மரியாதை."

எல்லாரும் கைதட்டினார்கள். ஷியாமளாவும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் ஃபைலை மூடி வைப்பதற்கு முன் சுத்தப் பிரதி ஒன்று எடுக்கச் சொல்லிப் பட்டாபி தம் அறையில் அவளிடம் கொடுத்தார். ஷியாமளா வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றாள். பழைய வரைவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருந்தன. அடித்தலும் திருத்தலும், சிவப்பும் பச்சையும். மெல்ல ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணு கேக்கணும் சார். விழுந்தார்ங்கறதை எத்தனை தரம் மாத்தினேள். உயரத்தை அளக்கச் சொன்னேள், ஸ்டூலைப் பத்திக் கடிதாசு போட்டேள். கமிட்டி கூடினதைக்கூட மாத்தினேள்."

"ஆமா. கடமையில்லையா?"

"பக்கத்துலயே எக்ஸ்பயர்டுன்னு இருக்கு சார். ஒவ்வொண்ணுலயும் இருக்கு. அதை மட்டும் ஒருத்தருமே அடிக்கலை." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஃபைல் கீழ எறங்கி வரும்போதெல்லாம் நான் மொதல்ல அதைத்தான் பாப்பேன். இன்னிக்காவது யாராவது மாத்தியிருப்பாளோன்னு பாப்பேன்."

பட்டாபி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வரைவை வாங்கி அந்தச் சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"அதுல மாத்த என்னம்மா இருக்கு?" என்றார். "கரெக்டாத்தானே இருக்கு."

ஷியாமளா அந்தத் தாளைப் பார்த்தாள். உதடு கோணியது. ஆடி மாசத்திலிருந்து வராத அழுகை ஒரு பொட்டலம் பிரிந்தாற்போல வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடி விட்டுப்போய், அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, ஐயோ என்னை விட்டுட்டுப் போயிட்டேளே என்று வாய்விட்டு அழுதாள். ஹால்தார் பாபு பதறிக்கொண்டு கதவைத் திறந்தார்.

பட்டாபி கையமர்த்தினார். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வேலை கெடச்ச சந்தோஷம்," என்றார். "கொஞ்ச நேரம் அழட்டும்."